ஒரு விமானத்தில் தீப்பொறி... எல்லா விமானத்துக்கும் உத்தரவு!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். 'நடுவானில் புகை', 'அலறிய பயணிகள்', 'அவசரமாகத் தரையிறங்கிய விமானம்' என்று தலைப்பு வைத்தால் அந்தச் செய்தியை எல்லோரும் திறந்து பார்ப்பார்கள். அந்தப் புகை எங்கிருந்து வந்தது, அது மறுபடி வராமலிருக்க என்ன உத்தரவு போட்டார்கள் என்ற செய்தி பல மாதங்கள் கழித்து வரும். அதை யாரும் சீண்டுவதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த இரண்டாவது செய்திக்கு ஆள் உண்டு. அப்பா வயர்மேன். செம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு, கடை, தோட்டத்து மோட்டார் என்று முப்பது வருடமாக வயரிங் வேலை பார்ப்பவர். தம்பி துபாயில் ஏசி மெக்கானிக். லீவுக்கு வந்தால் மதுரையில் இறங்குவான், மதுரையிலேயே ஏறுவான். விமானத்தில் புகை என்று எங்கே செய்தி வந்தாலும் அது எப்படியோ சுற்றி அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். அம்மா உடனே தம்பிக்குப் போன் போடுவார். அப்பா எனக்குப் போடுவார்.

அப்படி ஒருமுறை கூப்பிட்டபோது கேட்டார்: "ஏன் பாப்பா, வீட்டுல வயரு கருகுனா வாசம் வரும். மெயினை ஆஃப் பண்ணிட்டு வாசலுக்கு ஓடியாந்துரலாம். மேல பறக்குறப்ப எங்கிட்டு ஓடுறது? இதையெல்லாம் அங்க யாரு பாக்குறா?"

அவருக்குச் சொல்வதற்காகத் தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

மெயினை அணைத்தும் நிற்காத லைன்

ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வயர் ஓடுகிறது. சீலிங்குக்கு மேலே, தரைக்குக் கீழே, பெட்ரோல் பங்க்கைப் போல எரிபொருள் நிரப்பிய டேங்குகளுக்குப் பக்கத்தில் என்று எல்லா இடத்திலும். விமானம் அதிரும்போது வயரும் அதிரும். வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஒன்றோடு ஒன்று உரசினால், மேலே இருக்கும் இன்சுலேஷன் தேயும். "நம்ம ஊரு மாவு மில்லு வயரிங் மாதிரிதான்" என்றார் அப்பா. அதிர்வு உள்ள இடத்தில் வயரை எப்படிக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

1998 செப்டம்பர் 2. நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில், கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், விமானிகளுக்கு ஏதோ கருகும் வாசம் அடித்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கத் திரும்பினார்கள். வாசம் வந்த சுமார் இருபது நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. அதிலிருந்த 229 பேரும் இறந்துபோனார்கள்.

கனடாவின் விசாரணைக் குழு கடலுக்கடியிலிருந்து துண்டு துண்டாக விமானத்தை அள்ளி எடுத்து, நான்கு வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்து 2003-ல் அறிக்கை கொடுத்தது. விமானி அறைக்குப் பின்னால், சீலிங்குக்கு மேலே ஓடிய வயர்களில் தீப்பொறி கிளம்பியிருக்கிறது. அங்கே வெப்பமும் சத்தமும் தடுக்க வைத்திருந்த மெத்தை போன்ற உறையில் நெருப்பு பற்றியிருக்கிறது. பொறி பறந்த வயர்களில், பயணிகள் சினிமா பார்க்கவும் கேம் விளையாடவும் பிற்பாடு பொருத்திய பொழுதுபோக்குக் கருவிகளின் வயரும் ஒன்று.

அறிக்கையில் ஒரு விவரத்தைப் படித்துச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. புகை வந்தால் பயணிகள் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த விமானிகளுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. பொழுதுபோக்குக் கருவிகளுக்கு மின்சாரம் அந்த ஸ்விட்ச்சுக்குக் கட்டுப்படாத வேறு லைனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. ஸ்விட்ச்சை அணைத்தாலும் அது அணையாது.

"மெயினுக்கு முன்னாடி தட்டி லைன் இழுத்த கதை" என்றார் அப்பா.

இன்னொன்றும் உண்டு. அந்த உறை, அப்போது நடைமுறையிலிருந்த தீப்பிடிக்கும் சோதனையில் பாஸான பொருள். விதிப்படிதான் வைத்திருந்தார்கள். விதி போதவில்லை. அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, பின்னர் அந்த வகை உறையை நூற்றுக்கணக்கான விமானங்களிலிருந்து கழற்றி மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. உறைகளுக்கான தீச்சோதனையும் கடுமையாக்கப்பட்டது. அந்தப் பொழுதுபோக்குக் கருவி அமைப்புக்கும் தடை வந்தது.

டேங்குக்குள் போன மின்சாரம்

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1996 ஜூலை 17 அன்று, நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டிடபிள்யூஏ 800 என்ற போயிங் 747 விமானம், பன்னிரண்டு நிமிடத்தில் நடுவானில் வெடித்தது. 230 பேர் இறந்தார்கள். வெடிகுண்டா, ஏவுகணையா என்று ஊரெல்லாம் பேச்சு. நான்கு வருட விசாரணையின் முடிவு வேறு. ஏறக்குறைய காலியாக இருந்த நடு டேங்கில் எரிபொருள் ஆவி நிறைந்திருந்தது. அதற்குக் கீழே ஓடிய ஏசி கருவிகளின் சூட்டில் அந்த ஆவி எரியத் தயாராக இருந்தது. டேங்குக்கு வெளியே ஏதோ ஓரிடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, எரிபொருள் அளவு காட்டும் மெல்லிய வயர் வழியாக அதிக மின்சாரம் உள்ளே போயிருக்கலாம் என்பதுதான் இருப்பதிலேயே பொருத்தமான காரணம் என்றது விசாரணை அமைப்பு.

2001-ல், டேங்குக்குள் தீப்பொறி போக எந்த வழியும் இல்லை என்பதை விமானத் தயாரிப்பாளர்கள் நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2007-ல், விமானத்தின் வயரிங்கைத் தனியொரு அமைப்பாகக் கருதி வடிவமைக்க வேண்டும், பராமரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதுவரை ஒவ்வொரு கருவியோடு வரும் இணைப்பாகத்தான் வயரைப் பார்த்தார்கள். 2008-ல், டேங்கிலுள்ள ஆவி எளிதில் எரியாதபடி செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. டேங்குக்குள் நைட்ரஜன் அதிகமுள்ள காற்றைச் செலுத்துவது அதற்கு ஒரு வழி.

1996-ல் நடந்த விபத்துக்கு 2008-ல் விதி. பன்னிரண்டு வருடம். இடையில் செலவுக் கணக்குகள், ஆட்சேபங்கள், வாதங்கள். விமானத் துறையைத் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு ஆசையில்லை. அந்த விதிகளில் பல, உயிர்கள் போன பிறகு எழுதப்பட்டவை. ஆனால் எழுதப்பட்ட பிறகு, அவை அந்த ஒரு விமானத்தோடு நிற்கவில்லை. நீங்களும் நானும் ஏறுகிற விமானத்துக்கும் வந்து சேர்ந்தன.

ஏர் இந்தியாவின் ஆறு விமானங்கள்

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று நம் நாட்டிலேயே பார்த்தோம். 2013 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் புகை வந்தது. லித்தியம் அயான் பேட்டரி எரிந்திருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஜப்பானுக்குள் பறந்த ஏஎன்ஏ நிறுவனத்தின் 787-ல் பேட்டரி எச்சரிக்கை வந்து, தகாமட்சுவில் அவசரமாக இறக்கி, சறுக்குப் பாதை வழியாகப் பயணிகளை வெளியேற்றினார்கள்.

அன்றே எஃப்ஏஏ அவசர உத்தரவு போட்டது. பேட்டரி பாதுகாப்பானது என்று நிரூபிக்கும்வரை அமெரிக்க நிறுவனங்களின் 787 பறக்கக் கூடாது. அடுத்தடுத்து மற்ற நாடுகளும் நிறுத்தின. உலகம் முழுக்க அப்போது இயங்கிய 50 விமானங்களும் தரையில் நின்றன. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஏர் இந்தியாவிடம் இருந்த ஆறு 787 விமானங்களையும் நிறுத்தச் சொன்னது. ஒரு விமான வகை முழுவதையும் எஃப்ஏஏ இப்படி நிறுத்தியது 1979-ல் டிசி-10 விமானங்களுக்குப் பிறகு அப்போதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு சம்பவங்களிலும் ஒருவர்கூட இறக்கவில்லை என்பதை. ஆள் சாகும்வரை காத்திருக்கவில்லை.

மூன்று மாதத்தில் மாற்று ஏற்பாடு தயாரானது. பேட்டரியின் எட்டு செல்களுக்கு நடுவே கூடுதல் தடுப்பு, மொத்த பேட்டரியையும் அடைத்துவைக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி, உள்ளே புகை வந்தால் நேராக விமானத்துக்கு வெளியே போக ஒரு குழாய். 2013 ஏப்ரலில் எஃப்ஏஏ ஒப்புக்கொண்டது. மே மாதம் ஏர் இந்தியாவின் 787 மறுபடி பறந்தது. அடுத்த வருடம் ஜனவரியில், டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் நின்ற ஒரு 787-ல் மீண்டும் ஒரு செல் கெட்டுப் புகை வந்தது. இந்தமுறை நெருப்பு மற்ற செல்களுக்குப் பரவவில்லை. பெட்டி அதன் வேலையைச் செய்தது.

அமெரிக்க விசாரணை அமைப்பு, பேட்டரி தயாரித்த நிறுவனத்தையும், போயிங்கையும், அனுமதி கொடுத்த எஃப்ஏஏவையும் சேர்த்தே குறை சொன்னது. பேட்டரியில் புகை வருவது 1 கோடி மணி நேரப் பறத்தலில் ஒருமுறைகூட நடக்காது என்பது தயாரிப்பாளரின் கணக்கு. நடந்ததோ, மொத்த விமானங்களும் சேர்ந்து 1 லட்சம் மணி நேரம் பறப்பதற்குள் இரண்டு தடவை. கணக்கு தவறியபோது கணக்கை மாற்ற ஒருவர் இருந்தார் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

அறிவுரையும் உத்தரவும்

விமானத்தில் ஆபத்தான ஒரு குறை தெரிந்தால், அந்த வகை விமானத்தை வடிவமைத்த நாட்டின் அமைப்பு 'ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்' என்ற உத்தரவைப் போடும். எந்த மாடல், எந்தப் பாகம், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று அதில் இருக்கும். அதைச் செய்யாமல் அந்த விமானம் பறக்க முடியாது. இந்திய நிறுவனங்களும் இவற்றை நிறைவேற்ற வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. வேலையை முடித்த பொறியாளர் தன் லைசென்ஸின் பேரில் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் அறிவுரைக் குறிப்பு. செய்தால் நல்லது, கட்டாயமில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள தூரம், 2025 ஜூலையில் வந்த ஓர் அறிக்கையால் பேசுபொருளானது. ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 787 விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்த விபத்தின் முதற்கட்ட அறிக்கை அது. இன்ஜினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் ஸ்விட்ச்சின் பூட்டு அமைப்பைப் பரிசோதிக்கும்படி 2018-ல் எஃப்ஏஏ ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. அது கட்டாயமில்லாத அறிவுரை என்பதால் அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்று அறிக்கை பதிவுசெய்தது. அந்தப் பூட்டுதான் விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனாலும் இரண்டே நாளில், ஜூலை 14 அன்று, டிஜிசிஏ உத்தரவிட்டது: ஜூலை 21-க்குள் பரிசோதித்து முடிக்க வேண்டும். தன் விமானங்களில் எந்தக் கோளாறும் இல்லை என்று ஏர் இந்தியா பரிசோதித்துச் சொன்னது.

ஏழு வருடம் அறிவுரையாகக் கிடந்தது, உத்தரவானதும் ஒரு வாரத்தில் முடிந்தது.

இப்போது வயர் நம் பையில்

விமானத்தின் வயர்களை இப்படிக் கட்டிக் காத்துவரும் காலத்தில், நாம் ஆளுக்கு இரண்டு பேட்டரிகளோடு உள்ளே ஏறுகிறோம். 2016 செப்டம்பர் 23 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து புகை வந்தது. ஒரு பயணியின் சாம்சங் நோட் 2 போன். பணிக்குழுவினர் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீரில் முக்கி வைத்தார்கள். விமானம் சென்னையில் பத்திரமாக இறங்கியது. நோட் 7 போனுக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு விதித்திருந்த டிஜிசிஏ, இதற்குப் பிறகு சாம்சங் அதிகாரிகளை அழைத்து விசாரித்தது.

ஏன் தண்ணீர்? லித்தியம் செல்லில் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், அது தானாகவே சூடேறும். அந்தச் சூடு பக்கத்து செல்லையும் கிளப்பிவிடும். தீயணைப்பான் வெளியே தெரியும் ஜுவாலையை அணைக்கும். உள்ளே ஏறும் சூட்டைத் தணிக்கத் தண்ணீர்தான் வேண்டும். அதனால்தான் பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்கிறார்கள். கேபினில் எரிந்தால் கைக்கு எட்டும். அடியில் சரக்கு அறையில் எரிந்தால் எட்டாது. 2010 செப்டம்பரில் துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று, சரக்கில் இருந்த லித்தியம் பேட்டரிகளில் பற்றிய தீயால் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் தனிச் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்து உலகளவில் தடை இருக்கிறது.

2025 ஜனவரி 28 அன்று, தென்கொரியாவின் பூசானில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம், தலைக்கு மேலுள்ள பெட்டியில் பற்றிய தீயால் எரிந்துபோனது. 176 பேரும் தப்பித்தார்கள். மார்ச் 1 முதல், பவர் பேங்க்கை மேல் பெட்டியில் வைக்கக் கூடாது என்று அந்நாடு விதி போட்டது. அதே அக்டோபரில் டெல்லி விமான நிலையத்தில், திமாப்பூர் கிளம்பிய இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் பவர் பேங்க் பற்றியது. பணிக்குழு உடனே அணைத்துவிட்டது. அதன் பிறகு டிஜிசிஏவும் சுற்றறிக்கை வெளியிட்டது. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், மேல் பெட்டியில் வைக்கக் கூடாது, பறக்கும்போது அதிலிருந்து சார்ஜ் போடக் கூடாது.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பவர் பேங்க்கில் போட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட் ஹவர். பொதுவான வரம்பு 100. அதைத் தாண்டினால் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான். உப்பிப்போனது, அடிபட்டது, எண் அழிந்துபோனது எதையும் கொண்டுபோக வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் கூடுதலாக விதி வைத்திருக்கும். டிக்கெட்டோடு வரும் அறிவிப்பை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. போன முறை தம்பி கிளம்பியபோது, அவனுடைய பெட்டியை நாங்கள் கட்டவே விடவில்லை. அப்பாவே ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்து, ஊறுகாய் பாட்டிலுக்கும் கருவாட்டுக்கும் நடுவே கிடந்த பவர் பேங்க்கை எடுத்து அவன் தோள்பையில் போட்டார்.

அடுத்த தோட்டம்

அப்பாவின் கேள்விக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, அவர் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், மோட்டார் ரூமின் இரும்புக் கதவில் கரன்ட் இறங்கி, தண்ணீர் பாய்ச்சப் போனவர் அங்கேயே இறந்துபோனார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எர்த் இல்லை. அந்த வாரமே அப்பாவைக் கூப்பிட்டு எர்த் போட்டார்கள். வரப்பைத் தாண்டினால் அடுத்த தோட்டம். அதே மாதிரி ரூம், அதே மாதிரி ஸ்டார்ட்டர், அதே மாதிரி இரும்புக் கதவு. அவர்கள் சாவுக்கு வந்துபோனார்கள். எர்த் போடக் கூப்பிடவில்லை.

"பிளேன்ல ஒண்ணுல கோளாறுன்னா அம்பதையும் நிறுத்துறாங்கெ. இங்க ஒருத்தன் செத்தாலும் அது அவன் விதின்னு போயிர்றோம்" என்றார்.

அதன் பிறகு அப்பாவே அந்த அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த தோட்டத்துக்கும். எர்த் இருக்கிறதா, வயர் எங்காவது உரிந்திருக்கிறதா என்று டெஸ்டரோடு சும்மா பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறார். இரண்டு இடத்தில் வேலை செய்யச் சொன்னார்கள். ஓர் இடத்தில், "இப்ப வேணாண்ணே, அறுவடை முடியட்டும்" என்றார்கள். இன்னோர் இடத்தில், வேலை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் திண்ணையிலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது யோசனைதான பாப்பா. கவர்மென்ட்டு சொன்னாத்தான் உத்தரவு" என்றார். பிறகு, மறுநாள் ஒட்டன்சத்திரம் ரோட்டில் இன்னும் இரண்டு மோட்டார் ரூம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.